ரெஃப்யூஜியம் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்புநீர் மீன்தொட்டியின் சம்ப்பில் (தண்ணீரைச் சுத்திகரிக்கும் துணைத்தொட்டி) ஒரு அறையை ஒதுக்கி, ஒரு கைப்பிடி கீட்டோ பாசியை (நூல்போல் வளரும் கடல்பாசி) போட்டு, மேலே விளக்கை மாட்டினால் ரெஃப்யூஜியம், அதாவது கழிவுச் சத்துகளை உறிஞ்சப் பாசி வளர்க்கும் அறை, தயார். சரி, அப்புறம்? பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். மீன் கழிவிலிருந்தும் தீனியிலிருந்தும் தண்ணீரில் சேர்ந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியின் உடம்புக்குள் போயிருக்கின்றன, அவ்வளவுதான். பாசி தொட்டியில் இருக்கும்வரை அவையும் அங்கேதான் இருக்கும். பாசியை அள்ளி வெளியே போடும்போதுதான் கணக்கு குறைகிறது.

அறுவடையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, நன்றாக அடர்ந்த ஒரு கீட்டோ உருண்டையைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் கரும்பச்சையாக, நைலான் நரம்புபோல் விறைப்பாக இருக்கும். நடுவில் வெளிச்சம் படாத பகுதி வெளுத்து, தொட்டால் நசுங்கும். இண்டு இடுக்கில் பழுப்பு நிறக் கசடு வேறு. உறிஞ்சியதையெல்லாம் அது திரும்பத் தண்ணீரிலேயே விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அறை நிறையும் முன்பே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துவிடுங்கள். எடுப்பது வெளுத்த பகுதியாகவும் விடுவது விறைப்பான பகுதியாகவும் இருக்கட்டும். எடுத்ததை அதே தொட்டி மீனுக்குத் தீனியாகப் போட்டால், வெளியேற்றியதில் பெரும்பகுதி மறுபடி உள்ளேதான் வரும்.

அடுத்த குழப்பம்தான் எனக்குத் தெரிந்து அதிகம் பேரைச் சுற்றவிடுவது. பாஸ்பேட் குறையவில்லை, பாசியும் வளரவில்லை. உடனே விளக்கின் சக்தியைக் கூட்டுகிறார்கள். முதலில் நைட்ரேட்டைச் சோதியுங்கள். அட்கின்சனும் ஸ்மித்தும் 1983-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடலடிப் பாசிகளிலும் தாவரங்களிலும் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 30 நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. அதாவது நைட்ரேட் தீர்ந்துவிட்டால் பாஸ்பேட் எவ்வளவு கிடந்தாலும் பாசியால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நிலையில் கூடுதல் வெளிச்சம் பாசியை வெளுக்க வைக்குமே தவிர வளர்க்காது. மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டலாம், அல்லது சோடியம் நைட்ரேட்டைச் சிறு அளவில் சேர்த்து, சோதித்துச் சோதித்து ஏற்றலாம். நைட்ரேட் இருந்தும் நிறம் மங்கினால் இரும்புச் சத்தைச் சந்தேகியுங்கள்.

ஸ்கிம்மர் (நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் கருவி), பாஸ்பேட் உறிஞ்சும் மீடியா, கார்பன் டோசிங் (பாக்டீரியா வளர்ந்து சத்துகளை உறிஞ்சக் கார்பன் சேர்ப்பது), ரெஃப்யூஜியம் என்று நான்கையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்டுவதும் இதே வகைத் தவறுதான். சாப்பாடு ஒன்று, பந்திக்கு நான்கு பேர். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமானால் சந்தோஷப்பட வேண்டாம். டைனோஃபிளாஜெல்லேட்டுகள் (பழுப்பு நிறப் பிசினாகப் படரும் நுண்ணுயிர்கள்) தலைதூக்குவதற்கு அது வசதியான நேரம்.

ரெஃப்யூஜியம் விளக்கைப் பிரதான தொட்டி இருட்டாக இருக்கும் நேரத்தில் எரியவிடுங்கள். பாசி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் இரவில் பிஹெச் இறங்குவது மட்டுப்படும். வெளிச்சம் ரிட்டர்ன் பம்ப் (தண்ணீரை மேல்தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பம்ப்) அறைக்குள் கசியாமல் ஒரு தடுப்பு வையுங்கள்; இல்லாவிட்டால் பம்ப் மேலேயே பாசி படியும். அறுந்த இழைகள் பம்பில் சிக்காமல் வலையும் வேண்டும். நீரோட்டம் மந்தமாக இருந்தால் கசடு பாசிமேல் படிந்து மூடிவிடும்.

புதுப் பாசியை நேராகச் சம்ப்பில் போடாதீர்கள். தனி வாளியில் உப்புநீர் ஊற்றி அலசி, சில நாள் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஐப்டேசியா (தொட்டியில் வேகமாகப் பெருகித் தொல்லை தரும் சிறு கடல் அனிமோன்) ஒட்டிக்கொண்டு வந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கீட்டோவுக்குப் பதில் சிலர் வளர்க்கும் காலெர்ப்பா என்ற கடல்பாசி அழகுதான், வேகமாகவும் வளரும். ஆனால் இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் ஒரே இரவில் தன் உள்ளடக்கம் முழுவதையும் தண்ணீரில் கொட்டி, கண்ணாடிபோல் வெளிறிச் செத்துவிடும். தண்ணீர் கலங்கி ஆக்சிஜன் குறையும். முதல்முறை அமைப்பவர்களுக்கு நான் கீட்டோவைத்தான் சொல்வேன். எந்தப் பாசியாக இருந்தாலும் வெட்டியதைக் கடலிலோ சாக்கடையிலோ விடக்கூடாது. காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற இனம் 1984-இல் மொனாக்கோ கடலோரத்தில் தென்பட்டு மத்தியதரைக் கடலில் பரவியது. 2000-இல் கலிபோர்னியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டு, அழித்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. வெட்டிய பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.