டாஸ் கணினியை லேப்டாப்பிலிருந்து இயக்க ஒரு சீரியல் கேபிள் போதும்

மானிட்டர் போய்விட்டது, கீபோர்டில் பாதி விசைகள் அழுந்துவதில்லை, ஆனால் பெட்டிக்குள் இருக்கும் 386 ப்ராசசர் இன்னும் சமர்த்தாக ஓடுகிறது. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்குப் பழகிய நிலைமைதான் இது. மெஷினை ஓரங்கட்ட வேண்டியதில்லை. அதை வெளியிலிருந்து இயக்கும் வழி எம்எஸ்-டாஸுக்குள்ளேயே (கட்டளைகளை அடித்து இயக்கும் மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளம், சுருக்கமாக டாஸ்) இருக்கிறது, அதுவும் 1983-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே. டாஸ் பக்கம் புதிதாக எந்த மென்பொருளும் போட வேண்டாம்.

வழி இதுதான். டாஸ் தன் கீபோர்டையும் திரையையும் சேர்த்து 'கான்' என்ற ஒரே சாதனமாகப் பார்க்கிறது. அந்த இடத்தில் சீரியல் போர்ட்டை (எழுத்துகளைக் கம்பி வழியே பிட் பிட்டாக அனுப்பி வாங்கும் பழைய இணைப்பு) உட்கார வைக்க 'சிடிடிஒய்' (CTTY) என்று நான்கெழுத்துக் கட்டளை ஒன்று உண்டு. அதன்பின் நீங்கள் லேப்டாப்பில் அடிப்பது டாஸுக்குப் போகும், டாஸின் பதில் லேப்டாப்புக்கு வரும். (கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

என்னென்ன வேண்டும்

டாஸ் கணினி, லேப்டாப், யூஎஸ்பி-சீரியல் அடாப்டர், நல்-மோடம் (null-modem) கேபிள், லேப்டாப்பில் 'புட்டி' என்ற இலவச மென்பொருள். அமைத்து முடிக்கும்வரை மட்டும் ஒரு மானிட்டரும் கீபோர்டும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேபிளைச் செருகும் முன் கணினியின் முதுகைக் கவனமாகப் பாருங்கள். சீரியல் போர்ட்டில் ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். 9 ஊசியாகவோ 25 ஊசியாகவோ இருக்கலாம். துளைகளோடு இருக்கும் 25 பின் போர்ட் பிரிண்டருக்கானது. துளைகளோடு இருக்கும் 9 பின் போர்ட் பழைய சிஜிஏ அல்லது ஹெர்குலிஸ் மானிட்டருக்கானது. இந்த இரண்டிலும் சீரியல் கேபிளைச் செருகக் கூடாது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் 3.3 வோல்ட் பின்களை நேரடியாக இணைக்கும் எண்ணமும் வேண்டாம். பழைய சீரியல் போர்ட்டில் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் வரை வரும், பை கருகிவிடும். இடையில் வோல்டேஜை மாற்றித் தரும் மேக்ஸ்3232 சிப் உள்ள சிறு போர்டு வைத்தால் சரி.

கேபிள்: முக்கால்வாசித் தகராறு இங்கேதான்

ஒருவர் அனுப்பும் கம்பி மற்றவர் வாங்கும் கம்பியில் சேர வேண்டும். அதனால்தான் சாதாரண நீட்டிப்புக் கேபிள் உதவாது, உள்ளே குறுக்காக மாற்றிய நல்-மோடம் கேபிள் தேவை. 9 பின் கனெக்டரில் 2-ஆம் பின் எதிர்ப்பக்க 3-க்கும், 3-ஆம் பின் எதிர்ப்பக்க 2-க்கும், 5 எதிர்ப்பக்க 5-க்கும் போகும்.

இந்த மூன்று கம்பிகளே போதும் என்று பல இடங்களில் படிப்பீர்கள். நவீன கருவிகளுக்குப் போதும், இங்கே போதாது. டாஸ் சீரியல் போர்ட்டோடு பேசுவது கணினியின் பயாஸ் (வன்பொருளை இயக்கும் உள்ளமைந்த அடிப்படை நிரல்) வழியாக. அந்தப் பயாஸ் ஒவ்வோர் எழுத்தையும் அனுப்பும் முன் எதிராளி தயாரா என்று வேறு இரண்டு கம்பிகளைப் பார்க்கிறது: 6-ஆம் பின், 8-ஆம் பின். அவற்றில் சைகை இல்லையென்றால் அனுப்பவே அனுப்பாது. முழு நல்-மோடம் கேபிளில் 4-ஆம் பின் எதிர்ப்பக்கத்து 6, 1 இரண்டுக்கும், 7-ஆம் பின் எதிர்ப்பக்கத்து 8-க்கும் போயிருக்கும். உங்களிடம் மூன்று கம்பிக் கேபிள்தான் இருக்கிறதா? டாஸ் பக்கக் கனெக்டரில் 7-ஐயும் 8-ஐயும் ஒன்றாகச் சேர்த்து சால்டர் செய்யுங்கள். 1, 4, 6 மூன்றையும் தனியே ஒன்றாகச் சேருங்கள். கணினி தன் சைகையைத் தானே பார்த்துத் திருப்தி அடைந்துவிடும்.

லேப்டாப் பக்கம்

அடாப்டரைச் செருகி, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் அதற்கு எந்த காம் எண் (சீரியல் போர்ட்டின் எண்) கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். புட்டியில் 'சீரியல்' என்பதைத் தேர்ந்து அந்த எண்ணையும் 9600 என்ற வேகத்தையும் கொடுங்கள். இன்னும் இரண்டு இடங்களை மாற்ற வேண்டும். சீரியல் பக்கத்தில் ஃப்ளோ கன்ட்ரோல் (அனுப்புவதை நிறுத்தித் தொடரும் ஏற்பாடு) 'நன்' ஆக இருக்கட்டும். கீபோர்டு பக்கத்தில் பேக்ஸ்பேஸ் விசையை 'கன்ட்ரோல்-எச்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் தவறாக அடித்த எழுத்தை அழிக்க முடியாது. லினக்ஸ்காரர்களுக்கு பிகோகாம், மினிகாம் இரண்டுமே நன்றாக வேலை செய்யும்.

டாஸ் பக்கம்

முதலில் வேகத்தைச் சொல்ல வேண்டும் (காம்1 என்பது டாஸ் கணினியின் முதல் சீரியல் போர்ட்):

மோட் காம்1:9600,என்,8,1

உடனே கீபோர்டைக் கைவிட்டுவிடாதீர்கள். முதலில் ஒருவழிச் சோதனை:

டிர் > காம்1

புட்டி திரையில் ஃபைல் பட்டியல் ஓடினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. குப்பை எழுத்துகள் வந்தால் இரு பக்க வேகமும் ஒத்துப்போகவில்லை. டாஸ் திரையில் 'ரைட் ஃபால்ட்' என்று சொல்லி 'அபார்ட், ரீட்ரை, இக்னோர், ஃபெயில்' என்று கேட்டால், மேலே சொன்ன 6, 8 பின் விவகாரம்தான். ஏ அடித்து வெளியே வந்து கேபிளைப் பாருங்கள்.

சோதனை தேறிய பிறகு மோட் கட்டளையை இன்னொரு முறை, இம்முறை கடைசியில் ',பி' சேர்த்து அடியுங்கள். போர்ட் தயாராக இல்லாவிட்டால் பிழை காட்டாமல் மறுபடி மறுபடி முயலச் சொல்வது அது. சோதனையின்போதே இதைச் சேர்த்திருந்தால், கேபிள் கோளாறு இருந்தாலும் எந்தச் செய்தியும் வராமல் மெஷின் சும்மா நின்றிருக்கும். இப்போது:

சிடிடிஒய் காம்1

அவ்வளவுதான். டாஸின் சொந்தக் கீபோர்டு இந்த நொடியிலிருந்து செத்த மாதிரி. புட்டியில் என்டர் தட்டுங்கள், 'சி:\>' வரும். திரும்பிப் போக, புட்டியிலிருந்தே 'சிடிடிஒய் கான்' அடியுங்கள். உங்கள் எழுத்துகள் அந்தப் பக்கம் போகவே இல்லையென்றால், கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் மூலம் மறுதொடக்கம்தான். அந்த மூன்று விசைகளைப் பயாஸ் நேராகப் பார்த்துக்கொள்வதால் அவை மட்டும் இன்னும் வேலை செய்யும்.

எது வரும், எது வராது

டிர், காப்பி, டெல், டைப், எம்டி போன்றவை அப்படியே வரும். பழைய வரி எடிட்டரான எட்லினும் வரும், ஆனால் எம்எஸ்-டாஸ் 6 வட்டுகளில் அதை எடுத்துவிட்டார்கள், 5-இல் உண்டு. எடிட், க்யூபேசிக், நார்ட்டன் கமாண்டர் எல்லாம் வராது. இவை டாஸைக் கேட்காமல் நேராக வீடியோ நினைவகத்தில் எழுதுகின்றன, சீரியல் போர்ட்டுக்கு ஓர் எழுத்தும் போகாது. தொலைவிலிருந்து தெரியாத்தனமாக எடிட் என்று அடித்துவிட்டால் வெளியே வரவும் வழியில்லை. அந்த மாதிரி முழுத்திரை மென்பொருள்தான் வேண்டும் என்றால், திரையையே படித்து அனுப்பும் பிசிஎனிவேர் போன்ற பழைய தொகுப்புகளைத் தேட வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, 9600 என்றால் நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள். 80 எழுத்து, 25 வரி கொண்ட முழுத்திரை நிறைய இரண்டு நொடிக்குச் சற்று மேல். கையால் அடிப்பதற்குத் தாராளம். ஆனால் நீண்ட உரையை லேப்டாப்பிலிருந்து ஒட்டாதீர்கள். பயாஸ் எழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை, டாஸ் வேறு வேலையில் இருக்கும்போது வருபவை தொலைந்துபோகும். ஃபைல் அனுப்ப வேண்டுமென்றால் எம்எஸ்-டாஸ் கெர்மிட் என்ற ஃபைல் அனுப்பும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். மைக்ரோசாஃப்டே எம்எஸ்-டாஸ் 6-இன் இன்டர்சர்வர் நிரலை (இரு கணினிகளைக் கேபிளால் இணைப்பது) மறு கணினிக்கு நகலெடுக்க இதே மோட், சிடிடிஒய் ஜோடியைத்தான் நம்பியது, 2400 வேகத்தில்.

மானிட்டரை நிரந்தரமாகக் கழற்ற

மோட், சிடிடிஒய் வரிகளை ஆட்டோஎக்சிக் ஃபைலின் (டாஸ் தொடங்கும்போது தானாக ஓடும் கட்டளைப் பட்டியல்) கடைசியில் சேருங்கள். ஏதாவது கோளாறானால் டாஸ் 6 தொடங்கும்போது எஃப்5 அழுத்தி அந்த ஃபைலைத் தாண்டலாம், அதற்குக் கீபோர்டைச் செருக வேண்டியிருக்கும். கீபோர்டு இல்லாமல் தொடங்கினால் பல பயாஸ்கள் 'கீபோர்டு எர்ரர், எஃப்1 அழுத்து' என்று நின்றுவிடும். இல்லாத கீபோர்டில் எதை அழுத்துவது? பயாஸ் அமைப்பில் 'ஹால்ட் ஆன்' என்ற இடத்தைக் கீபோர்டு தவிர மற்றவற்றுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

சீரியல் கேபிளுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 15 மீட்டர். அடுத்த ஊரிலிருந்து இயக்க வேண்டுமா? டாஸ் கணினி பக்கத்தில் ஒரு ராஸ்பெர்ரி பையை யூஎஸ்பி அடாப்டரோடு வைத்து, எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு மூலம் பைக்குள் நுழைந்து, அங்கே பிகோகாம் ஓட்டுங்கள். சீரியல் போர்ட்டை நேராக இணையத்தில் திறந்துவிடாதீர்கள். டாஸுக்குக் கடவுச்சொல் கேட்கும் பழக்கமே கிடையாது, உள்ளே வந்தவர் ஃபார்மட் என்று அடித்தால் அதற்கும் தலையாட்டும்.

வன்பொருள் கையில் இல்லாதவர்கள், கணினிக்குள் கணினியை ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யூவில், டாஸின் இலவச மாற்றான ஃப்ரீடாஸை நிறுவி, அதன் சீரியல் போர்ட்டை ஒரு டெல்நெட் போர்ட்டாகத் திறந்து, புட்டியால் இணைந்து பழகலாம். ஃப்ரீடாஸின் கட்டளைத் திரையிலும் சிடிடிஒய் இருக்கிறது. விண்டோஸ் மி-யில் தேடாதீர்கள், அதில் நீக்கிவிட்டார்கள்.