மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு மாற்று ரைஃபிள் கேலிபரைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில் முதன்முறையாக மான் வேட்டைக்கு உரிமம் எடுத்தவர், எந்த ரைஃபிள் வாங்கலாம் என்று யாரிடம் கேட்டாலும் .30-06, .270, .308 ஆகிய மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். முறையே 1906, 1925, 1952 ஆகிய ஆண்டுகளில் அறிமுகமான இந்த மூன்றும் நல்ல தேர்வுகளே. ஆனால் எல்லோருக்கும் பொருந்துபவை அல்ல. சில மாநிலங்களின் சில பகுதிகளில் இவற்றுக்கு அனுமதியே இல்லை. சிலருக்கு இவற்றின் பின்னுதை தாங்காது. சிலரிடம் ஏற்கெனவே ஏ.ஆர்.-15 என்னும் அரைத் தானியங்கி ரைஃபிள் இருக்கும், அதன் குழலை மட்டும் மாற்றி வேட்டைக்குப் பயன்படுத்த விரும்புவார்கள். இவர்களுக்காகவே கேலிபரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். படிகளின் வரிசை முக்கியமானது; புதியவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் படியில் தொடங்கி, வாங்கிய பிறகு முதல் படிக்கு வந்து வருந்துகிறார்கள்.

சொற்களில் ஒரு தெளிவு வேண்டும். தோட்டா என்பது பித்தளை உறை, தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்பது குழலை விட்டு வெளியே பறக்கும் பகுதி மட்டுமே. கேலிபர் என்பது உண்மையில் குண்டின் அல்லது குழல் துளையின் விட்டத்தைக் குறித்தாலும், வழக்கில் முழுத் தோட்டாவின் பெயராகவே அது புழங்குகிறது. குண்டின் எடையைக் கிரெயின் அளவில் சொல்வார்கள். 7,000 கிரெயின் சேர்ந்தது ஒரு பவுண்டு.

முதல் படி: மாநிலத்தின் விதியைப் படியுங்கள்

மானை எந்தத் தோட்டாவால் சுடலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்திருக்கிறது. கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 கேலிபரும், 70 கிரெயின் எடையுள்ள விரியும் குண்டும், 100 கஜத் தொலைவில் 1,000 ஃபுட்-பவுண்டு (குண்டின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலும் இருக்க வேண்டும். வர்ஜீனியாவில் எல்லை .23 என்பதால், ஏ.ஆர்.-15 ரைஃபிள்களில் மிகப் பரவலான .223 தோட்டாவை அங்கே மானுக்குப் பயன்படுத்த இயலாது. டெக்சாஸில் விளிம்பில் தீப்பற்றும் .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாக்கள் மட்டுமே மானுக்கு விலக்கப்பட்டுள்ளன.

மத்திய மேற்கு மாநிலங்களின் கதை வேறு. தட்டையான, மக்கள் நெருக்கமுள்ள விவசாய நிலங்களில் குண்டு வெகுதூரம் பறந்துவிடக் கூடாது என்பதால், ஒஹாயோ போன்ற மாநிலங்கள் குறைந்த தூரமே சுடும் ஷாட்கன்னையே நெடுங்காலம் அனுமதித்து வந்தன. 2014 முதல் ஒஹாயோவில் .357 முதல் .50 வரையிலான நேர்ச்சுவர்த் தோட்டாக்களை, அதாவது கழுத்துப் பகுதியில் குறுகாமல் ஒரே சீராக இருக்கும் உறை கொண்டவற்றைப் பயன்படுத்தலாம். மிச்சிகன், தன் தென்பகுதிக்காக வகுத்த விதியில், .35 அல்லது அதற்கு மேற்பட்ட கேலிபரும் 1.16 முதல் 1.80 அங்குலம் வரையிலான உறை நீளமும் வேண்டும் என்றது. .350 லெஜண்டின் உறை 1.71 அங்குலம், .450 புஷ்மாஸ்டரின் உறை 1.70 அங்குலம் என்பதை இதனுடன் ஒப்பிட்டால், இவ்விரண்டும் அப்பகுதிகளில் ஏன் இவ்வளவு பரவின என்பது விளங்கும். இல்லினாய் 2023 முதல் ரைஃபிளை அனுமதித்தாலும், ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் ரைஃபிளாக அது இருக்க வேண்டும்.

காட்டுப்பன்றிக்கான விதிகள் பொதுவாகத் தளர்வானவை. பயிரையும் நிலத்தையும் அழிக்கும் அயல் விலங்காகவே அது கருதப்படுகிறது. டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி இருந்தால் காட்டுப்பன்றியைச் சுட வேட்டை உரிமமே தேவையில்லை. கலிபோர்னியாவில், அதே ஆண்டு ஜூலை முதல், எந்த விலங்கை வேட்டையாடினாலும் ஈயம் கலக்காத குண்டையே பயன்படுத்த வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்தப் பருவத்துக்கென வனவிலங்குத் துறை வெளியிடும் கையேட்டைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் சுடப்போகும் தொலைவை அளந்து பாருங்கள்

வேட்டையாடப் போகும் நிலத்தில் மேடை அமையும் இடத்தில் நின்று, மான் வெளிப்படக்கூடிய மிகத் தொலைவான புள்ளி எவ்வளவு தூரம் என்று தொலைவுமானியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடர்ந்த காட்டில் அது 80 கஜத்தைத் தாண்டாது. அறுவடை முடிந்த வயலின் ஓரத்தில் 250 கஜமாகவும் இருக்கலாம். பன்றிக்குத் தீனி போடும் இடங்கள் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் அமைகின்றன. மாற்றுக் கேலிபர்களில் பல 200 கஜத்துக்குள் சிறப்பாக வேலை செய்து, அதன்பின் வேகமாகத் தளர்பவை என்பதால், இந்த ஓர் எண் பாதித் தேர்வை முடித்துவிடும்.

மூன்றாம் படி: இரண்டு விலங்குகளின் உடலமைப்பையும் அறிந்துகொள்ளுங்கள்

வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ 8 அங்குல விட்டமுள்ளது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ்ப்பாதியில் குறி வைக்கும்படி எல்லோரும் கற்றுக்கொடுப்பார்கள். தோலும் விலா எலும்பும் மெல்லியவை. நன்றாக விரியும் குண்டு மிதமான ஆற்றலுடன் சென்றாலே போதும்.

மானுக்குப் பழகியவர்கள் பன்றியைச் சுடும்போது பின்பக்கமாகத் தவறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பன்றியின் இதயம் மானைவிட முன்னும் தாழ்வாகவும், கிட்டத்தட்ட முன்னங்காலுக்கு நேர்மேலே இருக்கிறது. மானுக்குக் குறி வைக்கும் இடத்தில் சுட்டால் குண்டு ஈரலிலோ குடலிலோ படும். வயதான ஆண் பன்றிகளின் தோளை மூடி, குருத்தெலும்பு போன்ற கடினமான திசு ஒரு கவசம்போல் வளர்ந்திருக்கும். காயத்தைக் கொழுப்பு அடைத்துக்கொள்வதால் நிலத்தில் இரத்தத் தடமும் குறைவாகவே விழும். ஆகவே பன்றிக்கு, மறுபக்கம் வெளியேறும் அளவுக்கு ஆழமாக ஊடுருவும் குண்டு வேண்டும். ஒரே துப்பாக்கியால் இரண்டையும் வேட்டையாட விரும்புபவர் பன்றியின் தேவையை அடிப்படையாகக் கொண்டு தேர்ந்தெடுத்தால், மானுக்கும் அது போதுமானதாக இருக்கும்.

நான்காம் படி: ஆற்றலை நீங்களே கணக்கிடுங்கள்

குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துக்கொண்டு, எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450,240-ஆல் வகுத்தால் ஃபுட்-பவுண்டில் ஆற்றல் கிடைக்கும். .350 லெஜண்டில் 150 கிரெயின் குண்டு 2,325 அடி வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது என்றால், விடை ஏறத்தாழ 1,800. தோட்டாப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் குழல் வாயில் உள்ள அளவுதான். இரண்டாம் படியில் எழுதிய தொலைவில் உள்ள வேகத்தைத் தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்து எடுத்து அதற்குக் கணக்கிடுங்கள். மானுக்கு 1,000 ஃபுட்-பவுண்டு என்பது வழிவழியாகச் சொல்லப்படும் அளவு. அது இயற்கை விதியன்று. இருந்தாலும், தொடங்குபவருக்குப் பாதுகாப்பான எல்லை என்றே நான் கருதுகிறேன்.

ஐந்தாம் படி: பட்டியலைச் சுருக்குங்கள்

நேர்ச்சுவர்த் தோட்டா கட்டாயமான பகுதியில் இருப்பவருக்கு 2019-இல் வின்செஸ்டர் நிறுவனம் அறிமுகப்படுத்திய .350 லெஜண்ட் மிக எளிய தொடக்கம். பின்னுதை குறைவு, 150 முதல் 200 கஜம் வரை மானுக்கு நம்பிக்கையுடன் பயன்படுத்தலாம். பெரிய பன்றிகளே முதன்மை என்றால் .450 புஷ்மாஸ்டரைப் பாருங்கள். 250 கிரெயின் குண்டு 2,200 அடி வேகத்தில் ஏறத்தாழ 2,690 ஃபுட்-பவுண்டு ஆற்றலைத் தருகிறது. ஆனால் குட்டையும் தடிமனுமான அந்தக் குண்டு காற்றில் வேகத்தை விரைவில் இழப்பதோடு, தோளையும் வலுவாக உதைக்கிறது. 1873-இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற .45-70 இன்றும் அதே வேலையை அதே கம்பீரத்துடன் செய்கிறது.

ஏ.ஆர்.-15 வைத்திருப்பவருக்கு .300 பிளாக்அவுட் கவர்ச்சியாகத் தோன்றும்; .223-இன் போல்ட்டும் (அறையை மூடிப் பூட்டும் பகுதி) மகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அப்படியே பொருந்த, குழலை மட்டும் மாற்றினால் போதும். அதன் 110 கிரெயின் குண்டு 2,350 அடியை ஒட்டிய வேகத்தில் ஏறத்தாழ 1,350 ஃபுட்-பவுண்டு தருவதால், 100 கஜத்தை ஒட்டிய தொலைவுக்கு ஏற்றது. ஒலியைவிட மெதுவாகச் செல்லும் 220 கிரெயின் தோட்டாவோ 1,020 அடி வேகத்தில் 510 ஃபுட்-பவுண்டைக்கூட எட்டுவதில்லை. சாதாரணக் குண்டுகள் அந்த வேகத்தில் விரிவதும் இல்லை. புதியவர் அதை மானுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சில வகை .300 பிளாக்அவுட் தோட்டாக்கள் .223 ரைஃபிளின் அறைக்குள்ளும் நுழைந்து பூட்டிக்கொள்ளும். .308 அங்குலக் குண்டு .224 அங்குலத் துளைக்குள் போக வழியில்லாததால், விசையை இழுத்தவுடன் துப்பாக்கியே வெடித்துச் சிதறும். மகசின் ஒன்றே என்ற வசதியே இங்கு ஆபத்தாகிறது. நான் .300 மகசின்கள் அனைத்திலும் சிவப்புப் பட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். இருவகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் எடுத்துச் செல்வதே இல்லை.

ஏ.ஆர்.-15 ரைஃபிளிலேயே 200 கஜத்துக்கு மேல் சுட வேண்டுமானால் 6.5 கிரெண்டல் பொருத்தமானது. அதன் 123 கிரெயின் குண்டு நீண்டு ஒடுங்கியிருப்பதால் வேகத்தை நன்கு தக்கவைக்கிறது. ஆனால் போல்ட்டையும் மகசினையும் மாற்ற வேண்டும்.

எந்தக் கட்டுப்பாடும் இல்லாத மாநிலத்தில், போல்ட்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் வாங்குபவருக்கு, .308-இன் உறையிலிருந்து பிறந்த .243 வின்செஸ்டரும் 7 மி.மீ.-08 ரெமிங்டனும் உள்ளன. முதலாவது மானுக்கு மென்மையான தேர்வு. இரண்டாவது இரு விலங்குகளுக்கும் பொருந்தும். ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் 7 மி.மீ.-08 என்பேன். 1895 முதல் விற்பனையிலுள்ள .30-30, 150 கஜத்துக்குள் இன்றும் குறையற்றது. தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மகசினும் கைநெம்புகோலும் கொண்ட லீவர் ஆக்‌ஷனில் அதற்குத் தட்டை முனையுள்ள குண்டையே போட வேண்டும். கூர்மையான கடின முனை, முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமரை அழுத்தி வெடிக்கச் செய்துவிடக்கூடும்.

ஆறாம் படி: கேலிபரைவிடக் குண்டின் அமைப்பைக் கவனியுங்கள்

ஈய உள்ளீட்டின் மீது மெல்லிய செம்பு உறை கொண்ட சாதாரணக் குண்டு மானுக்குப் போதும். பன்றிக்கு, உறையும் உள்ளீடும் பிரியாதபடி பிணைக்கப்பட்ட குண்டையோ முழுச் செம்பாலான குண்டையோ தேர்ந்தெடுங்கள். பல வேட்டைக் குண்டுகள் விரிய வினாடிக்கு ஏறத்தாழ 1,800 அடி வேகமாவது தேவை. மெதுவான தோட்டாக்களுக்கென வடிவமைத்தவை அதற்குக் கீழும் விரியும். நீங்கள் வாங்கும் குண்டின் எல்லையைத் தயாரிப்பாளரின் குறிப்பில் தேடி, உங்கள் தொலைவில் அது நிறைவேறுகிறதா என்று பாருங்கள். இராணுவப் பயிற்சிக்கான விரியாத குண்டு விலை குறைவு என்பதற்காக அதை வேட்டைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்; பல மாநிலங்களில் அது சட்ட மீறலும் ஆகும்.

ஏழாம் படி: சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்

நண்பரிடமோ பயிற்சிக் களத்திலோ அதே கேலிபரை இரவல் வாங்கி, 20 தோட்டாக்கள் சுட்டுப் பாருங்கள். பத்தாவது தோட்டாவில் கண்களை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறீர்கள் என்றால், அடுத்த சிறிய கேலிபருக்கு இறங்குவதில் தயக்கம் வேண்டாம். அருகிலுள்ள இரண்டு கடைகளிலாவது அந்தத் தோட்டா வழக்கமாகக் கிடைக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு, வேட்டைக்கு எடுத்துச் செல்லும் அதே தோட்டாவால் 100 கஜத்தில் குறியைச் சரிசெய்யுங்கள். பின்னர் மேசையை விட்டு எழுந்து, மண்டியிட்டோ தாங்குகோலில் வைத்தோ, 8 அங்குல வட்டத்தில் ஐந்து முறை சுடுங்கள். 50 கஜத்தில் தொடங்கி, 25 கஜம் 25 கஜமாகப் பின்னே செல்லுங்கள். ஐந்தும் வட்டத்துக்குள் விழும் கடைசித் தொலைவையும், நான்காம் படியின் ஆற்றலும் ஆறாம் படியின் விரியும் வேகமும் போதுமானதாக இருக்கும் கடைசித் தொலைவுகளையும் ஒப்பிட்டு, அவற்றுள் மிகக் குறைந்ததை ஒரு சிறு தாளில் எழுதித் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவையுங்கள். அதற்கு அப்பால் நிற்கும் மானை நெருங்கி வரும்வரை காத்திருங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.