செம்பனை வரிசை நெளிந்த காரணம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தில் ட்ரோனில் எடுத்த காட்சிகளில் செம்பனை வரிசைகள் ஜெல்லிபோல் நெளிந்தன. இறக்கைகளைச் சமன்செய்தேன்; மாற்றமில்லை. ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு ஷட்டர் வேகத்தை 1/50 வினாடிக்கு இறக்கினேன். நெளிவு குறைந்தது, போகவில்லை. அதிர்வு தாங்கும் ரப்பர் உருண்டைகளை மென்மையானதாக மாற்றினால் கேமராவே தொங்கி ஆடியது.

சிக்கல் கேமராவின் காட்சியைக் கொண்டுபோகும் ஹெச்டிஎம்ஐ வயரில். விறைப்பான அந்த வயர் ரப்பர்களைத் தாண்டிப் போய், ட்ரோன் சட்டத்தின் அதிர்வை, கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலுக்கு நேரே கடத்தியிருக்கிறது. பழைய ரப்பர்களைத் திரும்பப் போட்டு, மெல்லிய பட்டை வயரை வளையமாகத் தளரவிட்டேன். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஃபில்டரோடு டில்ட் (மேல்-கீழ்), ரோல் (பக்கச் சாய்வு) அச்சுகளைச் சமன்செய்தேன்: எந்தக் கோணத்தில் விட்டாலும் கேமரா அங்கேயே நிற்க வேண்டும். நெளிவு போனது, அப்பாடா!

கிம்பல் வாங்கும்போது அது தாங்கும் எடையை லென்ஸ், ஃபில்டர் மாட்டிய கேமராவோடு ஒப்பிடுங்கள். வயர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையும் கடையிலேயே பாருங்கள்.