சிசிடிவி பெட்டியில் போட்டிருக்கும் சொற்களுக்கு என்ன பொருள்?

மெகாபிக்சலைவிட லென்ஸை முதலில் பாருங்கள். 2.8 மி.மீ. லென்ஸ் அறை முழுவதையும் காட்டும். தள்ளி நிற்பவரின் முகம் பொட்டாகிவிடும். கேட்டுக்கு 6 மி.மீ. பொருந்தும்.

வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கும் வாசலில் ஆள் கருநிழலாகத் தெரிந்தால் டபிள்யூ.டி.ஆர். (வெளிச்சத்தையும் நிழலையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டும் வசதி) தேவை. 'டிஜிட்டல் டபிள்யூ.டி.ஆர்.' என்றிருந்தால் அது வெறும் மென்பொருள் வேலை; பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கைத் தின்பது பிட்ரேட், அதாவது கேமரா நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு. நொடிக்கு 4 மெகாபிட் என்றால் 8-ஆல் வகுத்து (8 பிட் ஒரு பைட்) 86,400-ஆல் (ஒரு நாளின் நொடிகள்) பெருக்குங்கள்: நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிகாபைட். நான்கு கேமராவுக்கு 1 டெராபைட் ஆறு நாள்கூட வராது.

பி.ஓ.இ. என்றால் ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும். எல்லை 100 மீட்டர். பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா இருட்டியதும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறதா? இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது மின்சாரம் போதவில்லை. முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்: செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம். நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும்.