வதந்தி வலையை நம்ம ஊரில் மடக்குவது எப்படி

ஈராக்கில் அமெரிக்கச் சிறப்புப் படைக்கு ஆளும் ஆயுதமும் இருந்தன. ஆனால் சோதனை போட்ட வீடுகளில் எடுத்த காகிதமும் போனும் பிளாஸ்டிக் பைக்குள், மேலே ஒரு சீட்டு ஒட்டி, படித்துச் சொல்ல ஆளில்லாமல் கிடந்தன. தளபதி மெக்கிரிஸ்டல் அதைத்தான் முதலில் மாற்றினார். ராணுவம், உளவுத்துறை, தூதரகம் எல்லாரையும் தினமும் ஒரே வீடியோ அழைப்பில் உட்கார வைத்ததில், ஒருவர் கையில் கிடைத்தது அன்றைக்கே மற்றவர்களுக்கும் போனது. 2004 ஆகஸ்டில் 18 சோதனை, 2006 ஆகஸ்டில் 300. ஆனாலும், அந்தப் படை தேடிவந்த ஈராக் அல்-காய்தா தலைவர் சர்காவி 2006 ஜூனில் கொல்லப்பட்ட பிறகும் அவருடைய கூட்டம் ஓயவில்லை, பின்னாளில் ஐ.எஸ். என்ற பயங்கரவாத அமைப்பாக வளர்ந்தது.

கையில் கிடைத்த தகவல் உரியவரிடம் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும், நமக்கு இதில் உள்ள பாடம் அதுதான். சரி, திருப்பூருக்கு வருவோம். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோன பலர் ரயிலேறினார்கள். போலீஸ் இந்தியிலேயே பேசி மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. அந்த வேலையைச் சீக்கிரம் செய்ய நாம் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

முதலில் ஒரு சின்ன குரூப்: பனியன் கம்பெனி சூப்பர்வைசர், லேபர் கான்ட்ராக்டர், விடுதி வார்டன், கோயில் கமிட்டியிலும் ஜமாத்திலும் ஒவ்வொருவர், இந்தியும் ஒடியாவும் பேசுகிற தொழிலாளிகள் இரண்டு பேர். பிரச்சினை இல்லாத நாளிலேயே ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

வெறுப்பு வீடியோ வந்தால் "இது பொய்" என்று எழுதிக்கூட ஃபார்வர்டு செய்யாதீர்கள், பார்க்கிறவர் எழுத்தைப் படிக்கமாட்டார், படத்தைத்தான் பார்ப்பார். அழிக்கவும் வேண்டாம். எந்த குரூப், எந்த நம்பர், எத்தனை மணி, எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோவோடு நேராக ஸ்டேஷனுக்குக் கொடுங்கள். ஆள் கூட்டம் சேர்கிறது, அடிதடி வரும்போல இருக்கிறது என்றால் உடனே 112.

மறுப்பை ஷிஃப்ட் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். அதுவும் அவர்கள் மொழியில், அவர்களோடு தையல் மெஷினில் உட்காருகிற ஒருவர் குரலில், ஒரு நிமிட ஆடியோ போதும்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்: சாதி, மதம், மாநிலம் பார்த்து யாரையும் பட்டியல் போடக் கூடாது, குரூப்பில் சந்தேகப் பெயர் போடவே கூடாது. கோவை 1998 குண்டுவெடிப்பில் பட்டதே போதும். தப்பான ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால் அந்தத் தெருவிலிருந்து அப்புறம் ஒரு தகவலும் வராது.

ஸ்டேஷனில் கொடுத்தது என்ன ஆயிற்று என்று விசாரித்து, தகவல் தந்தவருக்கு மறக்காமல் சொல்லுங்கள்.