மனநல கவுன்சிலர் முன்னாடி உங்க குழந்தைய பாக்கப் போறீங்களா?

கோர்ட்டு சொல்லி, கவுன்சிலர் கூட இருந்தாதான் குழந்தைய பாக்கலாம்னு ஆயிட்டா "என் புள்ளைய பாக்க எனக்கே காவலா"ன்னுதான் மொதல்ல தோணும், அந்த வலி நியாயம்தான். ஆனா வெறும் கண்காணிப்புல ஒருத்தர் பெரும்பாலும் ஓரமா உக்காந்து பாத்து எழுதுவார், கவுன்சிலர் கூட இருக்கிற இந்த சந்திப்பு அப்படியில்ல, இதுல இருக்கிறவங்க தெரபிக்கு, அதாவது மனசுக்கான சிகிச்சைக்கு, பயிற்சி எடுத்தவங்க, நீங்களோ குழந்தையோ திணறும்போது நடுவுல வந்து கைகுடுப்பாங்க. அதனால மொத நாளுக்கு முன்னாடியே தனியா பேசி, குழந்தைக்கு எதுல பயம், பொம்மை வாங்கிட்டு வரலாமா, போட்டோ எடுக்கலாமான்னு கேட்டுக்கோங்க. எது கோர்ட்டுக்குப் போற ரிப்போர்ட்ல வரும்னும் கேளுங்க, எல்லாமே ரகசியமா இருக்கும்னு நெனச்சுடாதீங்க.

லேட்டா போகாதீங்க, காத்திருக்கிற குழந்தைக்கு அந்த பத்து நிமிஷம் ரொம்பப் பெருசு.

உள்ள போனதும் ஓடிப்போய் கட்டிப்பிடிக்க கை துடிக்கும், வேணாம், தரையில உக்காருங்க, புள்ள தானா கிட்ட வரட்டும். அது எத வச்சு விளையாடுதோ அதுல சேந்துக்கிட்டு "ஓ, நீலக் கட்டைய மேல வைக்கிறியா"ன்னு செய்யறத அப்படியே சொன்னாலே போதும். "வீட்டுக்கு யாரு வர்றாங்க", "அம்மா என்னப் பத்தி என்ன சொன்னா" இதெல்லாம் கேக்கவே கேக்காதீங்க, காதுல ரகசியமும் பேசாதீங்க. சீக்கிரம் கூட்டிட்டுப் போறேன்னு வாக்கும் குடுக்காதீங்க, அது உங்க கையில இல்ல.

இருக்கறதுலயே கஷ்டமானது, குழந்தையே "அன்னிக்கு ஏன் அப்டி கத்துன"ன்னு கேக்கறப்பதான். இதுக்கு என்ன சொல்றதுன்னு கவுன்சிலரோட முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. "ஆமா கத்துனேன், நீ பயந்துட்ட, தப்பு என்மேலதான்", இதோட நிறுத்துங்க. "ஆனா அன்னிக்கு எனக்கு..."ன்னு ஆரம்பிச்சீங்கன்னா கேட்ட மன்னிப்பு போச்சு. குழந்தை போதும்னு சொன்னா அன்னிக்கு அது போதும், கெஞ்ச வேணாம்.

முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே சொல்லிடுங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி டாட்டா சொல்லுங்க. அழுக வந்தா புள்ள போனப்புறம் கவுன்சிலர்கிட்ட அழுங்க, உங்களத் தேத்துற வேலை குழந்தைக்கு வரக் கூடாது.

குழந்தைய வீட்டுல வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு. பாத்துட்டு வந்த ராத்திரி குழந்தை அடம் பிடிக்கலாம், படுக்கையில ஒண்ணுக்குப் போகலாம். அத மட்டும் வச்சு அங்க ஏதோ தப்பா நடந்துருச்சுன்னு முடிவுக்கு வராதீங்க, ஒண்ணுமில்லன்னு விட்டுடவும் வேணாம், குறுக்கு விசாரணை பண்ணாம தேதி போட்டு எழுதி அடுத்த தடவைக்குள்ள கவுன்சிலர்கிட்ட சொல்லிடுங்க.