மீனைக் கையால் பிடிக்கலாமா? தொட்டி வைக்கும் புதியவர்களுக்கு

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ஆசையாக நாலு கோல்டு ஃபிஷ் வாங்கி வந்தவர்கள் முதல் தடவை தொட்டி கழுவும்போதே கேட்கிற கேள்வி இது. தொட்டவுடனே மீன் செத்துவிடாது. ஆனால் காய்ந்த கை, சோப்பு போகாத கை, இறுக்கிப் பிடிக்கிற கை, இந்த மூன்றும் அதைக் காயப்படுத்தும், அந்தக் காயம் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பதால் பலருக்கு மீன் ஏன் போனது என்றே புரிவதில்லை.

நம் தோலின் மேல் இறந்த செல்களால் ஆன ஒரு காய்ந்த அடுக்கு இருக்கிறது. மீனுக்கு அது இல்லை. செதிலுக்கு மேலேயே உயிருள்ள மெல்லிய தோல், அதன்மேல் நாம் தொட்டால் வழுக்குகிற அந்தப் படலம், அவ்வளவுதான் அதன் பாதுகாப்பு. கிருமிகளைத் தடுப்பது அந்தப் படலம்தான். நன்னீர் மீனின் உடம்பில் வெளித்தண்ணீரைவிட உப்பு அதிகம், அதனால் தோல் உரிந்த இடத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து உப்பு வெளியேறும், மீன் சோர்ந்துபோகும், பிறகு அங்கேயே பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை பிடிக்கும். படலம் மட்டும் கொஞ்சம் உரிந்தால் மீனே அதைத் திரும்பச் சுரந்துகொள்ளும்.

சரி, எப்படிச் செய்வது?

முதலில், மீனை வெளியே எடுக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். வழக்கமாகத் தண்ணீர் மாற்ற மீனைத் தொடவே வேண்டாம். டியூப் போட்டுக் கால்வாசித் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) கலந்த தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும். குழாயில் வரும் மெட்ரோ வாட்டரை அப்படியே ஊற்றாதீர்கள், அதிலுள்ள குளோரின் செவுளை அரிக்கும்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து வைத்து, இன்னொரு கையில் வலையை வைத்து மீனை அதற்குள் ஓட்டுங்கள். தண்ணீரோடு சேர்த்து மீன் வந்துவிடும், கையும் படாது, சொரசொரப்பான வலையும் உரசாது. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

கையை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு முழங்கை வரை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அன்று சானிடைசர், கொசு கிரீம் எதுவும் போட்டிருக்கக் கூடாது. அப்புறம் தொட்டித் தண்ணீரிலேயே கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்குங்கள். வாலைப் பிடித்துத் தூக்குவது, செவுள் பக்கம் அழுத்துவது இரண்டும் கூடவே கூடாது. குதித்துத் தரையில் விழுந்த மீனையும் இப்படியே எடுத்து உடனே தண்ணீரில் விடுங்கள். ஒட்டிய தூசியைத் தேய்த்துத் துடைக்காதீர்கள், படலமும் சேர்ந்து வந்துவிடும்.

கெளுத்தி வகையும் சக்கர் மீனும் துடுப்பு முள்ளை விறைத்துக்கொள்ளும். வலையில் மாட்டினால் இழுக்காமல் கத்தரியால் வலையை வெட்டிவிடுங்கள். வலை போனால் போகட்டும்.

வேலையைக் காலையிலேயே முடிப்பது நல்லது. சென்னை வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு மேலும் போகும், அந்தச் சூட்டில் தண்ணீரில் கரைகிற ஆக்ஸிஜன் குறைவு, ஆனால் பயந்த மீனுக்கு அது அதிகமாகத் தேவை. அதனால் ஏர் பம்ப் ஓடட்டும், விளக்கை அணைத்து வையுங்கள், கொஞ்ச நேரம் தீனி போட வேண்டாம்.

கடைசியாக உங்கள் கை. எல்லாம் முடிந்தபிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள், வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கையை விடாதீர்கள். மைகோபாக்டீரியம் மெரினம் என்ற கிருமி காயம் வழியே புகுந்து ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அப்படி ஏதாவது வந்தால், வீட்டில் மீன் தொட்டி இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.